பூட்டிய லேபும் நிரம்பிய ரெக்கார்டு நோட்டும்

பிளஸ் ஒன்னில் அறிவியல் பிரிவு எடுத்த பிள்ளை பாடத்தில் பின்தங்கிவிட்டால் வீட்டில் நாம் முதலில் செய்வது டியூஷனில் சேர்ப்பது. பள்ளிக்கூடத்தில் முதலில் செய்வது, "போர்ஷன் முடியவில்லை" என்று லேப் பீரியடை எடுத்து அதில் தியரி நடத்துவது. இரண்டுமே நல்ல எண்ணத்தில் செய்கிற காரியங்கள்தான். ஆனாலும் இதைப் பற்றி எனக்கு வெகுநாளாக ஒரு கருத்து உண்டு, இன்று சொல்லிவிடுகிறேன். பின்தங்கிய பிள்ளை மற்றவர்களை எட்டிப்பிடிக்க இருக்கிற மிகச் சுலபமான வழி லேப்தான். அந்த வழியைத்தான் நாம் முதலில் அடைத்துவிடுகிறோம்.

"குமாஸ்தா உத்தியோகம் பார்த்தவருக்கு விஞ்ஞானம் எதற்கு?" என்று திண்ணை நண்பர்கள் கேட்பார்கள். மாலை வேளைகளில் எங்கள் தெருப் பிள்ளைகள் நான்கைந்து பேர் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து படிக்கிறார்கள். அவர்கள் வீடுகளில் இடம் போதாது, எங்கள் கூடத்தில் மின்விசிறியும் பெரிய மேசையும் இருக்கின்றன. இதைப் பற்றிப் பேச எனக்குள்ள தகுதி அவ்வளவுதான். பாடம் சொல்லித் தருவதில்லை. நோட்டுகளைப் புரட்டிப் பார்ப்பேன், அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்பேன்.

நம் அரசுப் பள்ளிகளில் நடந்த மாற்றம் உங்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் இருந்தது போய், 2023-24 கல்வியாண்டில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையும் பிளஸ் ஒன்னும் ஒரே வீச்சில் சிபிஎஸ்இ-க்கு மாறின. 2025-ல் முதல் பொதுத்தேர்வும் எழுதியாகிவிட்டது. மாற்றம் சரியா தவறா என்ற வழக்குக்கு நான் வரவில்லை. மாறியபின் பிள்ளைகள் படும் பாடுதான் என் கவலை. தமிழ்வழியில் "மீச்சிற்றளவு", "சுழிப்பிழை", "வீழ்படிவு" என்று படித்து வந்த பிள்ளை, திடீரென்று லீஸ்ட் கவுண்ட், ஜீரோ எரர், பிரெசிபிடேட் என்று சொல்லியாக வேண்டும். பாதிப் பிள்ளைகளுக்குப் பாடம் புரியாதது பாடத்தினால் இல்லை. தெரிந்த பொருளுக்குப் பெயர் மாறிப்போனதால்தான்.

இந்தச் சங்கடம் எனக்கு நன்றாகப் பழக்கமானது. என் வயதுள்ள புதுவைக்காரர்கள் சிலருக்கும் பழக்கம்தான். பிரெஞ்சுவழியில் படித்த எங்களுக்கு நைட்ரஜன் என்றால் தெரியாது, "அஸோத்" என்றால்தான் தெரியும். உயிரைத் தாங்காதது என்ற பொருளில் லவாஸியேயும் அவருடைய நண்பர்களும் 18-ஆம் நூற்றாண்டில் வைத்த பெயர். ஆங்கிலப் புத்தகத்தில் நைட்ரஜனைப் பார்த்தபோது ஏதோ புது வாயு வந்துவிட்டது என்றே நினைத்தவர்கள் எங்களில் உண்டு. பிறகு உத்தியோகத்தில் சேர்ந்தபோது "தொஸியே" ஃபைல் ஆயிற்று. அதற்கு யாரும் எங்களுக்கு டியூஷன் வைக்கவில்லை. கயிறு கட்டிய அந்தக் கட்டு கையில் இருந்தது. பொருள் கையில் இருந்ததால் புதுப் பெயர் ஒரு வாரத்தில் அதன்மேல் ஒட்டிக்கொண்டது.

லேபில் நடப்பதும் இதுதான். பிளஸ் டூ வேதியியலில் ஒரு சோதனை. கூம்புக் குடுவையில் ஆக்சாலிக் அமிலமும் நீர்த்த கந்தக அமிலமும் எடுத்துச் சூடாக்கி, மேலே பியூரெட்டிலிருந்து பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். கத்தரிப்பூ நிறத்தில் சொட்டு விழும். முதல் சில சொட்டுகளின் நிறம் மறையச் சற்று நேரம் ஆகும். பிறகு விழுந்த வேகத்தில் மறையத் தொடங்கும். கடைசியில் ஒரே ஒரு சொட்டில் இளஞ்சிவப்பு நிறம் வந்து நின்றுவிடும். அதுதான் முடிவுநிலை. முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் மறைவது ஏன்? வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே அந்த வினையை விரைவுபடுத்துகிறது. இதற்கு ஆட்டோ-கெட்டாலிசிஸ் என்று பெயர். புத்தகத்தில் மட்டும் படித்த பிள்ளைக்கு இது இன்னொரு கடினமான ஆங்கில வார்த்தை. குடுவையைக் கையில் சுழற்றிக்கொண்டே அந்த மாற்றத்தைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு, எந்த மொழியில் சொன்னாலும் அது தனக்குத் தெரிந்த விஷயம். ஆங்கிலத்தில் கெட்டிக்காரப் பிள்ளையும் தமிழ்வழியிலிருந்து வந்த பிள்ளையும் சமமாக நிற்கிற இடம் அந்தப் பியூரெட்டின் முன்னால்தான்.

இவ்வளவு பயனுள்ள இடம் ஏன் பூட்டிக் கிடக்கிறது? ஆசிரியர் பற்றாக்குறை, லேப் அசிஸ்டெண்ட் இல்லாமை, ஐம்பது பிள்ளைகளுக்கு நாலு பியூரெட் என்பதெல்லாம் உண்மையான காரணங்கள். இவற்றை எல்லோரும் சொல்கிறார்கள். யாரும் சொல்லாத ஒரு காரணத்தை நான் சொல்கிறேன். அது இருப்புப் பதிவேடு.

பதிவேடுகளோடு வாழ்க்கையைக் கழித்தவன் என்பதால் இது எனக்குத் தெரியும். பீக்கர் இத்தனை, சோதனைக்குழாய் இத்தனை, நுண்ணோக்கி இத்தனை என்று பதிவேட்டில் இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை எண்ணிக்கை சரிபார்க்க வேண்டும். ஆடிட் வந்தால் பதில் சொல்ல வேண்டும். பிள்ளைகள் கையில் கண்ணாடிச் சாமான் கொடுத்தால் உடையும். உடைந்ததைக் கணக்கிலிருந்து எடுக்க அறிக்கை, கையெழுத்து, மேலிட ஒப்புதல் என்று ஒரு கோப்பு நடத்த வேண்டும். இதில் மாட்டிக்கொள்ள எந்த ஆசிரியருக்கு விருப்பம் இருக்கும்? பூட்டிவைத்தால் எண்ணிக்கை சரியாக இருக்கும். பத்து வருடமாக ஒரு பீக்கரும் உடையாத லேப் என்றால் அதிகாரிகள் பாராட்டுவார்கள். அந்தப் பத்து வருடமும் பிள்ளைகள் அதைத் தொடவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று பதிவேட்டில் எங்கும் எழுதியிருக்காது.

அரசு நிதி விதிகளில் நியாயமான இழப்பைக் கணக்கிலிருந்து நீக்க வழி இல்லாமல் இல்லை. ரசாயனங்கள் செலவாகிற பொருள்கள், செலவாவதற்கென்றே வாங்கப்படுகிறவை. கண்ணாடிச் சாமானையும் அந்தக் கண்ணோடு பார்த்து, வருடத்துக்கு இவ்வளவு உடையலாம் என்று ஒரு சிறு அளவைத் தலைமையாசிரியர் மட்டத்திலேயே நீக்க அனுமதித்தால் போதும். ஒரு பக்க உத்தரவு. புது லேப் கட்ட ஆகும் செலவில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இதற்கு ஆகாது. பல பூட்டுகள் அந்த ஒரு தாளால் திறக்கும் என்பது என் அனுபவம் சொல்கிற நம்பிக்கை.

அடுத்தது ரெக்கார்டு நோட்டு. லேப் பூட்டியிருந்தாலும் இது மட்டும் நிரம்பிவிடுகிறது! சிபிஎஸ்இ பிளஸ் டூ இயற்பியலில் எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண், பிராக்டிகல் 30. அந்த 30-ல் இரண்டு சோதனைகளுக்கு 14, ரெக்கார்டுக்கு 5, வாய்மொழிக் கேள்விக்கு 5, மீதி ஆக்டிவிட்டிக்கும் புராஜெக்டுக்கும். ஆகவே ரெக்கார்டு நோட்டு அழகாக இருந்தாக வேண்டும். கட்டம் போட்டு, படம் வரைந்து, பச்சை மையில் தலைப்பு எழுதி வைக்கிறார்கள். உள்ளே இருக்கும் அளவுகள் மட்டும் போன வருட சீனியர் நோட்டிலிருந்து வந்தவை. அந்த சீனியருக்கு அதற்கு முந்தைய சீனியர். எந்த வருடத்தில் யார் உண்மையாக அளந்தார்களோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

எங்கள் கூடத்தில் படிக்கும் பெண்பிள்ளை ஒருத்தி, கொத்தனார் மகள். பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழி. அவள் பள்ளியில் லேப் நடத்துகிறார்கள், அதுவரை நல்லது. தனி ஊசல் சோதனை செய்துவிட்டு வந்தாள். நூல் 50 செ.மீ. ஊசலை ஆடவிட்டு 20 அலைவுகளுக்கு ஆன நேரத்தை எடுத்திருக்கிறாள், சுமார் 29 விநாடி. கணக்குப் போட்டால் புவியீர்ப்பு முடுக்கம் 9.4 என்று வருகிறது. புத்தகத்தில் 9.8. "சார் கையெழுத்துப் போடமாட்டார் தாத்தா" என்று, நேரத்தைக் கொஞ்சம் குறைத்து எழுதி 9.8 வரவழைக்க ரப்பரை எடுத்துவிட்டாள்.

அப்போது திண்ணையில் என் நண்பர் ஒருவர் இருந்தார். கல்லூரி ஒன்றில் லேப் அட்டெண்டராக முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். உள்ளே வந்து நோட்டைப் பார்த்தார். "ரப்பரை வை பாப்பா. நூலை எதுலேருந்து எதுவரைக்கும் அளந்தே?" என்று கேட்டார். மேல் முடிச்சிலிருந்து கீழ் முடிச்சு வரை என்றாள். "குண்டுக்குக் கொக்கி இருக்கே? குண்டோட நடு வரைக்கும் இல்ல அளக்கணும்?" அவ்வளவுதான் அவர் சொன்னது. மறுநாள் அவள் பள்ளியில் அளந்து பார்த்தாள். கொக்கியும் குண்டின் ஆரமும் சேர்த்து 2 செ.மீ. 50-க்குப் பதில் 52 போட்டுக் கணக்குச் செய்தால் 9.8 வந்து நிற்கிறது. ஒரு எண்ணையும் அழிக்க வேண்டியிருக்கவில்லை.

ஊசலின் நீளம் என்பது குண்டின் மையம் வரை என்று அவள் புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் மூன்று முறை படித்திருக்கிறாள். தலையில் ஏறவில்லை. அந்த 2 செ.மீ.-யில் ஏறியது. 20 அலைவுகளை ஏன் எண்ணச் சொல்கிறார்கள் என்பதையும் நண்பரே அவளிடமிருந்து வரவழைத்தார். ஸ்டாப்வாட்சை அழுத்துவதில் நம் கை கால் விநாடி முந்தலாம், பிந்தலாம். ஒரே ஆட்டத்தை அளந்தால் அந்தப் பிசகு முழுதாக அதன் தலையில் விழும். இருபது ஆட்டத்தை அளந்து வகுத்தால் இருபதில் ஒரு பங்குதான் விழும். இதைத் தெரிந்துகொண்ட பிள்ளை இனி வாழ்நாள் முழுவதும் எந்த அளவையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாது. அன்று அவள் ரப்பரால் அழித்து 9.8 எழுதியிருந்தால் 5 மதிப்பெண் கிடைத்திருக்கும், இந்தப் படிப்பு கிடைத்திருக்காது. ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு என் விண்ணப்பம்: தப்பாக வந்த அளவை அழிக்கச் சொல்லாதீர்கள். அதன் கீழே "ஏன் இப்படி வந்தது?" என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். தமிழில் எழுதினாலும் ஏற்றுக்கொண்டு, ஆங்கில வார்த்தைகளைப் பக்கத்தில் நீங்கள் எழுதிக் கொடுங்கள்.

எதிர்பார்த்த விடை வராமல் போவதும் விஞ்ஞானத்தில் ஒரு பகுதிதான் என்பதற்கு நம் ஊரிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. கியோம் லெ ழாந்தி என்ற பிரெஞ்சு வானியலாளர், சூரியனை வெள்ளிக்கோள் கடப்பதைப் புதுச்சேரியிலிருந்து அளப்பதற்காக 1760-ல் கப்பல் ஏறினார். பல இடங்களிலிருந்து அளந்து ஒப்பிட்டால் பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் தெரியவரும். அவர் வந்து சேர்வதற்குள் 1761 ஜனவரியில் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. அந்த ஜூன் 6-ஆம் தேதி அவர் நடுக்கடலில், ஆடுகிற கப்பலில் இருந்தார். சரியாக அளக்க முடியவில்லை. அடுத்த வாய்ப்பு 8 வருடம் கழித்து. ஊருக்குத் திரும்பாமல் இந்தப் பக்கமே காத்திருந்தார். இடிந்துகிடந்த கோட்டையில் ஒரு வானாய்வகம் கட்டிக்கொண்டு, 1769 ஜூன் 4-ஆம் தேதி காலை தொலைநோக்கியோடு நின்றார். மேகம் மூடிவிட்டது. கடப்பு முடிந்தபின்தான் வெயில் வந்தது. மனிதர் என்ன பாடு பட்டிருப்பார் என்று நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது. ஆனாலும் அவர் அளவு எதையும் இட்டுக்கட்டி எழுதவில்லை. மேகம் மூடியது என்றே எழுதினார். கடற்கரைச் சாலையில் நடக்கும்போது பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

இன்னொரு சாட்சி மனப்பாடத்தைப் பற்றியது. மனப்பாடத்தை நான் இழிவாகப் பேச மாட்டேன், நாம் எல்லோரும் அதில் வளர்ந்தவர்கள். ஜான் வாரன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1825-ல் வெளியிட்ட "கால சங்கலித" என்ற புத்தகத்தில், புதுச்சேரியில் இருந்த ஒரு பஞ்சாங்கக்காரரைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் தரையில் சிப்பிகளை வைத்து நகர்த்தி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டே அந்த வருடத்துச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும்தான் பிசகியது. காகிதமும் பேனாவும் இல்லாமல்! ஆனால் அந்தக் கணக்குக்குப் பின்னால் இருக்கும் வானியல் தத்துவம் அவருக்குத் தெரியாது, அபாரமான ஞாபகசக்தி மட்டுமே அவருடையது என்றும் வாரன் குறித்திருக்கிறார். 52 நிமிடம் எங்கே தவறியது என்று தேடிக் கண்டுபிடிக்க அந்த ஞாபகசக்தியால் முடியாது. அதற்கு அளந்து பார்க்கிற பழக்கம் வேண்டும். நம் பிள்ளைகளுக்கு முதலாவது நிறையவே இருக்கிறது. இரண்டாவதைத்தான் பள்ளிக்கூடம் தரவேண்டும்.

பிரான்சில் இதே குறையை ஒரு பெரிய மனிதர் கையில் எடுத்தார். ஜார்ஜ் ஷர்பாக், 1992-ல் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்றவர். பரிசு வாங்கியபின் அவர் கவனம் தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் பக்கம் திரும்பியது. 1996-ல் அந்த நாட்டு அறிவியல் கழகத்தின் ஆதரவோடு "லா மேன் அ லா பாத்" என்ற திட்டத்தைத் தொடங்கினார். "பிசைகிற மாவில் கை" என்று அர்த்தம். நீயே கையை விட்டுப் பிசை என்பதுதான் சாரம். பிள்ளை முதலில் தன் ஊகத்தைச் சொல்லவேண்டும், பிறகு செய்து பார்க்கவேண்டும், நடந்ததைத் தன் சொந்த வார்த்தையில் நோட்டில் எழுதவேண்டும். எழுத்துப்பிழை இருந்தாலும் அது அவன் நோட்டு. பிரெஞ்சுவழியில் படித்த பழைய ஆட்களுக்கு "லெசோன் தெ ஷோஸ்" நினைவு வரும். முசே ஒரு விதையையோ ஒரு கல்லையோ மேசைமேல் வைத்துவிட்டு நடத்துகிற பாடம் அது. ஆனால் பெரும்பாலும் முசே காட்டுவார், நாங்கள் பார்ப்போம். ஷர்பாக் செய்தது, அந்தப் பொருளை மேசையிலிருந்து எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுத்தது.

இதற்கெல்லாம் மூன்று மறுப்புகள் வரும் என்று எனக்குத் தெரியும்.

முதல் மறுப்பு நீட். "நீட்டில் பிராக்டிகல் கிடையாது, 180 கேள்வி, 720 மதிப்பெண், லேபில் நேரத்தை வீணாக்க முடியுமா?" என்பார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவ இடங்களில் 10 சதவீத ஒதுக்கீடு நம் மாநிலத்தில் வந்தபின் இந்தப் பரபரப்பு இன்னும் கூடியிருக்கிறது, அதில் தவறும் இல்லை. ஆனால் 2024 நீட் தேர்விலிருந்து பாடத்திட்டத்தில் இயற்பியலில் சோதனைத் திறன் என்று ஒரு தனி அலகும், வேதியியலில் செய்முறை சார்ந்த ஒரு தனி அலகும் சேர்த்திருக்கிறார்கள். வெர்னியர், திருகு அளவி, தனி ஊசல், உப்புப் பகுப்பாய்வு எல்லாம் அதில் வருகின்றன. மதிப்பெண் கணக்கு மட்டுமே பார்ப்பவர்களும் லேபை ஒதுக்க முடியாது.

இரண்டாவது மறுப்பு, "இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிட்டதே" என்பது. திரையில் செய்து பார்க்கும் சோதனைகளை நானும் பார்த்தேன். லேபுக்குப் போகுமுன் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக நல்லவைதான். ஆனால் திரையில் இருக்கும் பியூரெட் ஒழுகாது, நூல் முறுக்கிக்கொள்ளாது, குண்டுக்குக் கொக்கி இருக்காது. அந்த 2 செ.மீ. பாடம் அங்கே கிடைக்காது. 2016-லிருந்து மத்திய அரசு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கொடுத்து அடல் டிங்கரிங் லேப் என்று முப்பரிமாண அச்சு இயந்திரமெல்லாம் வைக்கிறது. நல்ல திட்டம்தான். அந்த அறைக்கு ரிப்பன் வெட்டும்போது பக்கத்து அறையில் இருக்கும் பழைய லேபின் பூட்டையும் திறந்துவிட்டால் இன்னும் நல்லது.

மூன்றாவது மறுப்பு ஆபத்து. அமிலம், நெருப்பு, கண்ணாடி. இது நியாயமான பயம். பதினைந்து பதினைந்து பேராகப் பிரித்துச் செய்வது, கண்ணாடி அணிவது, ஒரு பெரியவர் கூடவே நிற்பது எல்லாம் கட்டாயம். அமிலத்தைத்தான் தண்ணீரில் மெல்ல ஊற்றவேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது என்பதைக் கையோடு கற்ற பிள்ளைதான் நாளைக்கு வீட்டிலும் வேலையிடத்திலும் ஆபத்தில்லாமல் இருக்கும்.

இனி சிறப்புச் சொற்பொழிவுகள். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம். 1928-ல் அந்தத் தேதியில் ராமன் விளைவு அறிவிக்கப்பட்டதை ஒட்டி 1987-லிருந்து கொண்டாடுகிறோம். பள்ளிகளில் விருந்தினரை அழைத்துப் பேசவைப்பது பெரும்பாலும் அந்த வாரத்தில்தான். சிபிஎஸ்இ பொதுத்தேர்வு பிப்ரவரி நடுவிலேயே தொடங்கிவிடுகிறது. யாருக்கு அந்தப் பேச்சு மிகவும் பயன்படுமோ அந்தப் பத்தாவது, பிளஸ் டூ பிள்ளைகள் அப்போது பரீட்சை ஹாலில் இருப்பார்கள். கீழ் வகுப்புப் பிள்ளைகளை வராந்தாவில் உட்காரவைத்து, வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, பிறகு "கனவு காணுங்கள்" என்று முக்கால் மணி நேரம், நன்றியுரை, குரூப் போட்டோ. நான் பார்த்த இப்படிப்பட்ட கூட்டங்கள் பலவற்றில் பிள்ளைகள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்க நேரம் ஒதுக்கவில்லை.

பேச்சு ஜூலையிலோ ஆகஸ்டிலோ நடக்கட்டும். பேசுகிறவர் கையில் ஒரு பொருளோடு வரட்டும். தமிழில் பேசட்டும். பேச்சு இருபது நிமிடம், கேள்வி இருபது நிமிடம் என்று இருக்கட்டும். உதாரணத்துக்கு ஒன்று சொல்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1975-ல் நிறுவிய கொசு ஒழிப்பு ஆராய்ச்சி மையம் நம் ஊரில்தான் இருக்கிறது. யானைக்கால் நோய் நம் ஊரை எப்படி ஆட்டிவைத்தது என்பது நம் தலைமுறைக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்ட ஓர் இடத்தில் வேலை பார்த்தவர் இரண்டு கண்ணாடிக் குவளைகளில் கொசுப் புழுக்களைக் கொண்டுவந்தால் போதும். சாக்கடையில் வளரும் க்யூலெக்ஸ் கொசுவின் புழு தண்ணீரில் தலைகீழாகச் சாய்ந்து தொங்கி, வால்பக்கக் குழாயால் சுவாசிக்கும். மலேரியா பரப்பும் அனோபிலிஸ் வகைப் புழு நீர்ப்பரப்புக்கு இணையாகப் படுத்துக் கிடக்கும். மைக்ராஸ்கோப்பே வேண்டாம், கண்ணாலேயே பார்க்கலாம். அன்று சாயங்காலம் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுத் தொட்டியை எட்டிப் பார்க்கும். சொற்பொழிவு வேலை செய்தது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு இப்படிச் சொல்ல விஷயம் இருக்கிறது. ரோடியர் மில்லிலும் சுதேசி மில்லிலும் சாயப் பிரிவில் நின்றவர்களுக்கு அமிலமும் காரமும் என்ன செய்யும் என்று புத்தகத்தைவிட நன்றாகத் தெரியும். மின்துறையில் ஃபியூஸ் போட்டவர்களுக்கு ஓம் விதி கைப்பழக்கம். குடிநீர்த் தொட்டியில் குளோரின் அளவு பார்த்தவர்கள், ஜிப்மரில் ரத்தப் பரிசோதனை செய்தவர்கள், கட்டடத்தில் மட்டக்குழாய் பிடித்தவர்கள் எல்லோரும் நம் நடுவில் இருக்கிறார்கள். பட்டம் இல்லையே என்று தயங்க வேண்டாம். என் நண்பர் அட்டெண்டராக இருந்தவர்தான், அந்தப் பெண்ணின் ரப்பரை நிறுத்தியது அவருடைய ஒரு கேள்வி. ஓய்வூதியம் வாங்க வங்கிக்குப் போகிற வழியில் பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரைப் பார்த்து, "எனக்கு இது தெரியும், கூப்பிட்டால் வருகிறேன், பொன்னாடை வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். பத்துப் பேர் சொன்னால் இரண்டு பேரையாவது கூப்பிடுவார்கள்.

அதுவும் முடியாதவர்களுக்குச் சுலபமான வேலை ஒன்று இருக்கிறது. பள்ளியிலிருந்து வரும் பிள்ளையிடம் மதிப்பெண்ணைக் கேட்காமல், இந்த வாரம் லேபில் கையால் எதைத் தொட்டாய், என்ன வரும் என்று நினைத்தாய், என்ன வந்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தால் பிள்ளை பின்தங்கவில்லை, ஆங்கிலம் மெல்ல வந்துவிடும். நாலு வாரமாகத் தொடர்ந்து "ஒன்றும் செய்யவில்லை" என்று பதில் வந்தால், அடுத்த பெற்றோர்–ஆசிரியர் கூட்டத்துக்கு அப்பா அம்மாவுக்கு வேலை இருக்கிறது என்றால் நீங்கள் போங்கள். நமக்கு நேரம் இருக்கிறது. லேப் சாவி யாரிடம் இருக்கிறது என்று மரியாதையாக, கோபப்படாமல் கேளுங்கள். பதில் வரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டாம்.